வடம் முதல் கொக்கி வரை

நுழையும்முன்

பெருஞ்சுமையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்துவது மனிதனின் மிகப் பழைய தேவைகளுள் ஒன்று. சக்கரம் அத்தேவையைப் பாதியளவே நிறைவு செய்தது. சுமையை எங்கே பற்றுவது, இழுப்பதா தள்ளுவதா, எவ்வாறு திருப்புவது, எவ்வாறு நிறுத்துவது என்னும் வினாக்களுக்கு மனிதன் தன் அனுபவத்தால் விடை தேடினான். தேர்வடத்திலும் மாட்டுவண்டியின் நுகத்தடியிலும் டிராக்டரின் கொக்கியிலும் அவ்விடைகள் பொதிந்துள்ளன. அவற்றை விளக்குகிறது இப்பாடம்.

அருகருகே இரண்டு ஊர்கள்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் திருவில்லிபுத்தூர். ஆண்டுதோறும் ஆடிப்பூரத்தன்று அங்கு ஓடும் ஆண்டாள் தேர், தமிழகத்தின் பெருந்தேர்களுள் ஒன்று. இராசபாளையமோ பஞ்சாலைகளால் பெயர் பெற்றது. 1936ஆம் ஆண்டு பி.ஏ.சி. இராமசாமி ராஜா அங்கு நூற்பாலையைத் தொடங்கினார். அதன்பின் அவ்வூர் தொழில் நகராக வளர்ந்தது. இவ்விரு ஊர்களையும் சுற்றி நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் உள்ளன.

ஓர் ஊரில் பல்லாயிரம் கைகள் ஒரு தேரை நகர்த்துகின்றன. சுற்றியுள்ள வயல்களிலும் களங்களிலும் ஒரே ஒருவர் டிராக்டரின் இருக்கையில் அமர்ந்து, நெல்மூட்டையோ எருவோ ஏற்றிய டிரெய்லரை நகர்த்துகிறார். தோற்றத்தில் இவை வெவ்வேறு காட்சிகள். ஆயினும் இரண்டிலும் விடை காண வேண்டிய சிக்கல் ஒன்றே: சக்கரத்தின்மேல் நிற்கும் சுமையை, நகர்த்துபவரின் கட்டுப்பாட்டை மீறாமல் நகர்த்துவது.

வடமும் சன்னையும் முட்டுக்கட்டையும்

தேரின் அச்சுகள் திரும்பும் அமைப்புடையவை அல்ல. அடிப்பாரத்தோடு அசையாமல் பொருந்தியவை. தேருக்குத் திருப்புவிசை தரும் கருவி எதுவும் உள்ளே இல்லை. எனவே நகர்த்துதல், திருப்புதல், நிறுத்துதல் ஆகிய மூன்று பணிகளையும் வெளியிலிருந்தே செய்ய வேண்டியிருந்தது. நம் முன்னோர் இம்மூன்று பணிகளையும் மூன்று கருவிகளுக்குப் பகிர்ந்தளித்தனர்.

முதற்கருவி வடம். இஃது இழுக்க மட்டுமே பயன்படும். கயிற்றைக் கொண்டு எதையும் தள்ள இயலாது. முன்னே இழுப்போர் நின்றுவிட்டாலும், பின்னே வரும் தேர் தன் வேகத்தால் சற்றுத் தொலைவு உருண்டுகொண்டே இருக்கும். அப்போது தளர்ந்து கிடக்கும் வடத்தால் அதைத் தடுக்க முடியாது.

இரண்டாவது கருவி சன்னை. நின்ற நிலையில் இருக்கும் தேரைக் கிளப்புவது, ஓடுகின்ற தேரை இழுப்பதைவிடக் கடினம். எனவே சக்கரத்தின் பின்புறம் நீண்ட மரத்தை நெம்புகோலாகச் செருகி, அதன் மறுமுனையைப் பலர் அழுத்துவர். முன்னே வடம் இழுக்க, பின்னே சன்னை உந்தத் தேர் அசையத் தொடங்கும்.

மூன்றாவது கருவி முட்டுக்கட்டை. ஆப்பு வடிவிலான இம்மரத்துண்டைச் சக்கரத்தின் முன் இடுவர். இரு பக்கமும் இட்டால் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் இட்டால் அப்பக்கச் சக்கரம் தாமதிக்கும். மறுபக்கச் சக்கரம் முன்னேறும். தேர் தாமதித்த பக்கம் திரும்பும். எனவே முட்டுக்கட்டையே தேரின் தடையாகவும் திருப்பியாகவும் விளங்கியது. அதை இடுபவர் உருண்டுவரும் சக்கரத்திற்கு ஓரடித் தொலைவில் குனிந்து நிற்க வேண்டும். தேர்த்திருவிழாவின் பெரும் திறனும் பெரும் ஆபத்தும் அந்த ஓரடியில்தான் இருந்தன.

தெரிந்து தெளிவோம்
'முட்டுக்கட்டை போடுதல்' என்பது இன்று ஒரு செயலைக் கெடுத்தல், தடுத்தல் என்னும் பொருளிலேயே வழங்குகிறது. தேர்க்கலையிலோ முட்டுக்கட்டை தேரை வழிநடத்தும் கருவி. அது இல்லையேல் தேர் வீடுகளின்மேல் மோதியிருக்கும். தொழிற்களத்தில் உயர்வாக இருந்த சொல், பொதுவழக்கில் பொருள் தாழ்ந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இயந்திரம் தேரடிக்கு வந்தது

மரச்சக்கரத் தேர்கள் நிலைக்கு வந்து சேரப் பல நாள்கள் ஆவதுண்டு. வீதி முனையில் சிக்கிக்கொண்டால் தேர் அங்கேயே தங்கிவிடும். நீண்டகாலம் ஓடாதிருந்த திருவாரூர் ஆழித்தேர் 1970ஆம் ஆண்டு மீண்டும் ஓடியது. அதற்குத் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் இரும்பு அச்சுகளையும் சக்கரங்களையும் ஹைட்ராலிக் தடைகளையும் அமைத்துத் தந்தது. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டதாகக் கூறப்படும் அத்தேரைப் பின்னிருந்து உந்துவதற்குப் புல்டோசர்கள் பயன்படுத்தப்படுகின்றன. வீதி முனைகளில் இரும்புத் தகடுகளை இட்டு, அவற்றின்மேல் சக்கரங்களை வழுக்கித் திருப்புகின்றனர்.

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரும் இதே வழியில் இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் தடைகளையும் பெற்றது. முன்பு பல நாள்கள் நடந்த தேரோட்டம், இன்று ஒரே நாளில் நிறைவுறுகிறது.

இம்மாற்றத்தில் நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வடம் நீங்கவில்லை, மக்கள் இன்றும் வடம் பிடித்தே இழுக்கின்றனர். சன்னையின் இடத்திற்கு உந்தும் இயந்திரம் வந்தது. முட்டுக்கட்டைக்குத் துணையாக அச்சிலேயே தடை வந்தது. கருவிகள் மாறினும் இழுத்தல், உந்துதல், நிறுத்துதல் என்னும் பணிப்பகுப்பு மாறவில்லை.

கயிற்றிலிருந்து தண்டிற்கு

தேரில் உள்ள பணிப்பகுப்பு வயல்வெளியில் இயலாது. அங்குப் பலர் இல்லை. எனவே இழுக்கவும் தள்ளவும் ஒரே இணைப்பு தேவைப்பட்டது. மாட்டுவண்டி அத்தேவையை நிறைவு செய்தது. வண்டியிலிருந்து முன்னோக்கி நீளும் ஏர்க்கால், அதன் முனையில் குறுக்காக அமைந்த நுகத்தடி, காளையின் கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு ஆகியவை சேர்ந்து காளையையும் வண்டியையும் ஒன்றாக்கின. ஏர்க்கால் விறைப்பான மரம், கயிறன்று. எனவே காளை முன்னே சென்றால் வண்டி முன்னே வரும்; காளை பின்னே அடியெடுத்து வைத்தால் வண்டியும் பின்னே செல்லும்.

வண்டியின் வலிமை அதன் இணைப்புகளின் வலிமையே என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மேடும் பள்ளமும் கடந்து உப்பு விற்கச் சென்ற உமணர், வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் காட்டுகிறது. திருவள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில் மிகையான சுமையால் அச்சு முறிவதை உவமையாக்கியுள்ளார்.

டிராக்டரின் பின்புறம்

நூல்வழக்கில் 'இழுவை ஊர்தி' எனப்படும் டிராக்டர், பெயருக்கேற்ப இழுப்பதற்காகவே உருவானது. அதன் பெரிய சக்கரங்கள் பின்புறம் உள்ளன. எந்திரத்தின் விசை அவற்றிற்கே செல்கிறது. பின்னே இணைத்த சுமை இழுக்கப்படும்போது டிராக்டரின் எடை பின்சக்கரங்களை நோக்கி மேலும் சாய்கிறது. அதனால் அவை மண்ணை நன்கு பற்றுகின்றன.

இச்சாய்வே அளவு கடந்தால் கேடாகும். தொடக்ககால டிராக்டர்களில் கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால், சக்கரம் நிற்காமல் டிராக்டரின் முன்பகுதி மேலெழுந்து, வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கியதுண்டு. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்னும் பொறியாளர் இச்சிக்கலை ஆராய்ந்து, கருவியை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைக்கும் அமைப்பை 1920களில் உருவாக்கினார். 1939ஆம் ஆண்டு வெளிவந்த போர்டு டிராக்டர் வழியே அவ்வமைப்பு உலகெங்கும் பரவியது. ஓர் இணைப்பின் உயரத்தையும் வடிவத்தையும் மாற்றியதால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் டிராக்டர் உற்பத்தியை இங்கு வேரூன்றச் செய்தது.

டிரெய்லரை இழுப்பதற்கு மூன்று புள்ளிகள் வேண்டுவதில்லை. டிராக்டரின் பின்னால் தாழ்வாக ஒரு கொக்கியோ துளையுள்ள தகடோ இருக்கும். டிரெய்லரின் முன்னே நீளும் இழுதண்டின் வளையத்தை அதனோடு பொருத்தி, ஆணியைச் செருகிப் பூட்டுவர். ஏர்க்காலும் நுகத்தடியும் இங்கு இரும்பாக உருமாறி நிற்கின்றன.

இழுத்தால் எளிது, தள்ளினால் அரிது

டிரெய்லரை இழுத்துச் செல்லும்போது அது தானே நேராகிறது. வழியில் ஒரு கல் இடறி டிரெய்லர் சற்றுக் கோணினாலும், முன்னே செல்லும் கொக்கி அதன் சக்கரங்களைத் தன் பின்னால் இழுத்துக்கொள்ளும். சில அடிகளுக்குள் கோணல் மறையும்.

பின்னோக்கித் தள்ளும்போது இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது. சிறு கோணல் ஒவ்வோர் அடியிலும் பெரிதாகும். இறுதியில் டிராக்டரும் டிரெய்லரும் மடக்குக்கத்திபோல் மடங்கிக்கொள்ளும். விரலில் தொங்கவிட்ட கோல் எவ்வளவு ஆட்டினாலும் நேராகத் தொங்கும். அதே கோலை விரல்நுனியில் நிறுத்தினால், இடையறாது கையை அசைத்துச் சரிசெய்தாலன்றி விழுந்துவிடும். இழுக்கப்படும் டிரெய்லர் தொங்கும் கோல்; தள்ளப்படும் டிரெய்லர் விரல்நுனியில் நிற்கும் கோல்.

பின்னோக்கித் தள்ளுதலில் மேலும் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, ஓட்டுநர் கழுத்தைத் திருப்பியே பார்க்க வேண்டும். கைகள் முன்னே, பார்வை பின்னே. இரண்டாவது, டிராக்டரின் பின்பகுதி வலப்பக்கம் சென்றால் டிரெய்லரின் கடைப்பகுதி இடப்பக்கம் செல்லும். எண்ணத்திற்கு எதிராகக் கை இயங்க வேண்டும். மூன்றாவது, டிராக்டரைத் திருப்பும் சக்கரங்கள் முன்னே உள்ளன. கொக்கி பின்னே உள்ளது. ஆகவே திருப்பிய பிறகு, டிராக்டர் முழுவதும் வளைந்த பின்னரே கொக்கியில் அதன் விளைவு தெரியும்.

நான்கு சக்கர டிரெய்லரில் இச்சிக்கல் இரட்டிக்கும். அதன் முன் அச்சு இழுதண்டோடு சேர்ந்து திரும்பும் அமைப்புடையது. எனவே கொக்கியில் ஒரு மடிப்பு, முன் அச்சில் மற்றொரு மடிப்பு என இரண்டு மடிப்புகளை ஓட்டுநர் ஒருசேரக் கட்டுப்படுத்த வேண்டும். பழகிய கைகளும் தயங்கும் பணி இது.

முன் வாளியில் ஒரு கொக்கி

டிராக்டரின் முன்புறம் பொருத்தப்படும் இரு கைகளும் அவற்றின் நுனியில் உள்ள வாளியும் சேர்ந்து 'லோடர்' எனப்படுகின்றன. வாளியைப் 'பக்கெட்' என்றே உழவர் வழங்குவர். மண், எரு, மணல் ஆகியவற்றை அள்ளுவதே அதன் முதன்மைப் பணி. ஹைட்ராலிக் விசையால் அது மேலும் கீழும் இயங்கும், சாயவும் செய்யும்.

இவ்வாளியின் கீழ்விளிம்பில் ஒரு கொக்கியைப் பொருத்தினால் டிரெய்லரை முன்புறத்திலிருந்தே பற்ற முடியும். உலகின் பல பகுதிகளில் பண்ணை முற்றங்களில் பின்பற்றப்படும் முறை இது. இதனால் முன்னர்க் கூறிய தடைகளுள் சில நீங்குகின்றன.

ஓட்டுநர் நேராக முன்னோக்கிப் பார்க்கிறார். கொக்கியும் வளையமும் அவர் கண்ணெதிரே உள்ளன. திருப்பும் சக்கரங்களுக்குச் சற்று முன்னேயே கொக்கி இருப்பதால், திருப்பியவுடன் கொக்கி பக்கவாட்டில் நகர்கிறது; விளைவு காலந்தாழ்த்துவதில்லை. தரையில் கிடக்கும் இழுதண்டை ஆள் குனிந்து தூக்க வேண்டியதில்லை. வாளியைத் தாழ்த்தி இணைத்து, மெல்ல உயர்த்தினால் போதும். குறுகிய கொட்டகைக்குள் டிரெய்லரைக் கடைப்பகுதி முன்னாகச் செலுத்தி நிறுத்திவிட்டு, டிராக்டர் எளிதாகப் பின்வாங்கி வெளியே வரலாம். நெற்களத்தின் மூலையிலும் தேங்காய்க் களத்தின் சுவரோரத்திலும் பஞ்சுப்பொதிக் கிடங்கின் வாசலிலும் இதன் பயன் விளங்கும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. தள்ளப்படும் டிரெய்லர் விரல்நுனியில் நிற்கும் கோலே. அந்த இயல்பு இங்கும் மாறுவதில்லை. டிரெய்லரின் கடைப்பகுதி எதிர்ப்பக்கம் திரும்புவதும் மாறுவதில்லை. கோணலை விரைவில் காணவும் விரைவில் திருத்தவும் இம்முறை வாய்ப்பளிக்கிறது; கோணலை இல்லாமல் ஆக்குவதில்லை.

தெரிந்து தெளிவோம்
ஜோசப் சிரில் பாம்போர்டு என்பவர் 1945ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் அட்டாக்ஸிட்டர் நகரில் ஒரு வாடகைக் கொட்டகையில் தொழில் தொடங்கினார். அவர் செய்த முதற்பொருள் சாய்த்துக் கொட்டும் டிரெய்லர். 1949இல் டிராக்டரின் முன்னே பொருத்தும் லோடரையும், 1953இல் முன்னே வாளியும் பின்னே தோண்டும் கையும் கொண்ட இயந்திரத்தையும் உருவாக்கினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே 'ஜேசிபி'. 1979 முதல் அந்நிறுவனம் இந்தியாவில் இயங்குகிறது. எந்த நிறுவனத்தின் மண்வாரி இயந்திரமாயினும் அதனை 'ஜேசிபி' என்றே மக்கள் அழைப்பதால், ஒரு சிறப்புப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது.

நெம்புகோல் சொல்லும் கணக்கு

முன் கொக்கியின் நன்மையைக் காண்பதற்குக் கண் போதும். அதன் ஆபத்தைக் காண்பதற்குக் கணக்கு வேண்டும்.

இரு சக்கர டிரெய்லரின் சுமையில் ஒரு பகுதி இழுதண்டின் வழியே கொக்கியின்மேல் அழுத்தும். ஓர் எடுத்துக்காட்டாக, 2000 கிலோ எடையுள்ள டிராக்டரில் 800 கிலோ முன் அச்சிலும் 1200 கிலோ பின் அச்சிலும் தங்குவதாகக் கொள்க. இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தொலைவு 2 மீட்டர். வாளியின் கொக்கி முன் அச்சிலிருந்து 1.5 மீட்டர் முன்னே உள்ளது. கொக்கியின்மேல் 400 கிலோ அழுத்துகிறது.

முன் அச்சு இங்கு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகிறது. 400 கிலோவை 1.5ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 300 கிலோ கிடைக்கும். அந்த 300 கிலோ பின் அச்சிலிருந்து குறைகிறது. எனவே பின் அச்சில் 900 கிலோ மட்டுமே எஞ்சும். முன் அச்சிலோ 800 கிலோவோடு 700 கிலோ கூடி 1500 கிலோவாகிறது. கொக்கியில் அழுத்துவது 400 கிலோவே. முன் அச்சு கூடுதலாகச் சுமப்பதோ 700 கிலோ. தேரின் சக்கரத்தைக் கிளப்பிய சன்னையின் தத்துவமே இங்கு டிராக்டரின் பின்சக்கரங்களைக் கிளப்ப முயல்கிறது.

டிராக்டரின் பின்னால் எடைக்கட்டிகளைப் பொருத்துவது இதற்கு மாற்று. பின் அச்சிலிருந்து 1 மீட்டர் பின்னே 300 கிலோவைப் பொருத்தினால், பின் அச்சில் 450 கிலோ கூடி முன் அச்சில் 150 கிலோ குறையும். அப்போது இரு அச்சுகளும் 1350 கிலோ வீதம் சுமக்கும். டயர்களில் நீர் நிரப்புவதும், பின்னே கனமான கருவியைப் பிணைத்து வைப்பதும் இந்நோக்கத்திற்கே.

நிறுத்தத் தெரிந்த பின்னரே நகர்த்துதல்

பின்சக்கரங்களின் எடை குறைவது ஏன் அச்சத்திற்குரியது? இங்குப் பெருவழக்காக உள்ள டிராக்டர்களில் எந்திரத்தின் விசை பின்சக்கரங்களுக்கே செல்கிறது. தடையும் பின்சக்கரங்களில்தான் உள்ளது. எடை குறைந்த சக்கரம் மண்ணைப் பற்றாது. பற்றாத சக்கரம் உந்தவும் செய்யாது, நிறுத்தவும் செய்யாது.

சமதரையில் இதனால் சக்கரம் வெறுமனே சுழலும், அவ்வளவே. சரிவில் நிலை வேறு. சுமையேற்றிய டிரெய்லர் முன்னே, டிராக்டர் பின்னே எனச் சரிவில் இறங்கினால், தனக்கெனத் தடையில்லாத டிரெய்லர் கீழ்நோக்கி உருளும். எடை குறைந்த பின்சக்கரங்கள் வழுக்கும். டிராக்டர் டிரெய்லரால் இழுத்துச் செல்லப்படும். தள்ளியவரே இழுபடுபவராகிறார். அதே வேளையில் இணைப்பு பக்கவாட்டில் மடங்கினால் டிராக்டர் கவிழவும் கூடும். ஆகவே முன் கொக்கி என்பது சமமான முற்றத்தில், சிறு தொலைவிற்கு, நடைவேகத்தில் மட்டும் பயன்படுத்தத்தக்கது. சாலைப் பயணத்திற்கும் சரிவுக்கும் உரியதன்று.

பயன்படுத்துவோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் சில உள்ளன. கொக்கி வாளியின் நடுவில் அமைய வேண்டும். ஓரத்தில் அமைந்தால் லோடரின் இரு கைகளும் முறுக்குக்கு உள்ளாகும். வாளியின் விளிம்பில் மெல்லிய தகட்டைப் பற்றவைத்து அதில் கொக்கியைப் பொருத்துவது போதாது. இழுவிசையும் தள்ளுவிசையும் மாறி மாறித் தாக்குவதால் பற்றுவைப்பு விரிசலுறும். ஆணி மேலே துள்ளி வெளியேறாதவாறு பூட்டு இருக்க வேண்டும். வாளி இழுதண்டைத் தாங்கும் அளவிற்கு மட்டும் உயர்ந்து, இயன்றவரை தரையை ஒட்டியே இருக்க வேண்டும். அதை மிகையாக உயர்த்தினால் டிராக்டரின் எடைமையமும் உயரும். டிரெய்லரும் பின்னோக்கிச் சாயும்.

சுமையை ஏற்றும் முறையும் இன்றியமையாதது. இரு சக்கர டிரெய்லரில் சுமையின் மையம் அச்சுக்குச் சற்று முன்னே இருத்தல் வேண்டும். சுமை முழுவதும் பின்னே குவிந்தால் இழுதண்டு மேலெழும்பிக் கொக்கியைத் தூக்கும். ஆணியைக் கழற்றும் கணத்தில் அது திடீரென மேலே எழுந்து அருகில் நிற்பவரின் முகத்தையோ மார்பையோ தாக்கலாம். எனவே கழற்றுமுன் டிரெய்லரின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் தாங்கல் கொடுத்து, சக்கரங்களின் இருபுறமும் கட்டை இட வேண்டும். தேரடியில் பயன்பட்ட முட்டுக்கட்டைக்கு நெற்களத்திலும் வேலை உண்டு.

எல்லாவற்றினும் முதன்மையான நெறி ஒன்றுண்டு. டிராக்டர் நகர்ந்துகொண்டிருக்கும்போது அதற்கும் டிரெய்லருக்கும் இடையே எவரும் நிற்றலாகாது. துளையும் வளையமும் பொருந்த ஓரங்குலம் குறையும்போது, "இன்னும் கொஞ்சம் வா" என்று கையசைத்துக்கொண்டே ஆணியைச் செருக முயல்வது உயிரை இழக்கச் செய்யும் பழக்கம். டிராக்டர் முழுவதும் நின்று, தடை பூட்டப்பட்டு, வாளியின் அசைவும் அடங்கிய பின்னரே ஆள் இடையில் செல்ல வேண்டும். இழுதண்டின்மேல் சிறுவர்கள் அமர்ந்து செல்வதும், உதவிக்கு நிற்பவர் ஓட்டுநரின் கண்ணுக்கு மறைவாக நிற்பதும் இதே வகையான ஆபத்துகளே. ஏற்றிய டிரெய்லர் முன்னே நிற்கும்போது அதற்கு அப்பால் இருப்பதை ஓட்டுநர் காண முடியாது. எனவே டிரெய்லரின் மறுபக்கம், ஓட்டுநர் பார்க்கும் இடத்தில் விலகி நின்று, வழிகாட்ட ஒருவர் தேவை. அவர் கண்ணுக்கு மறைந்தால் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும்.

ஒரு கலை, இரு களங்கள்

தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் பல்லாயிரவர். முட்டுக்கட்டை இடுவோரோ சிலரே. ஆயினும் தேர் எப்போது அசைய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது அச்சிலரின் கைகளில்தான் இருந்தது. வலிமை பலரிடம் இருந்தது. கட்டுப்பாடு பயிற்சி பெற்ற சிலரிடம் இருந்தது. அவர்களின் குரல் கேட்டு வடம் தளரவும் இறுகவும் செய்தது.

டிராக்டரின் இருக்கையில் இவ்விரண்டும் ஒருவரிடமே வந்து சேர்கின்றன. வடமும் சன்னையும் முட்டுக்கட்டையும் அவருடைய கைக்கும் காலுக்கும் எட்டும் தொலைவில் உள்ளன. பல்லாயிரவரின் வலிமை ஒரு நெம்பை அசைத்தால் கிடைக்கிறது. அதனால் பல்லாயிரவரின் விழிப்பும் அந்த ஒருவருக்குத் தேவையாகிறது. சக்கரத்தினருகே குனிந்து நின்றவர் ஆபத்தைத் தம் கண்ணால் கண்டார். இருக்கையில் அமர்ந்திருப்பவர் அதைக் கணக்கால் காண வேண்டும்.

புதிய கருவி எதுவாயினும் அதன் விசையை அறிவது பாதி அறிவு. அதை நிறுத்தும் வழியை அறிவது மறுபாதி. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் தேர் நிலைக்கு வந்து சேரும். உழைத்தவர் வீட்டிற்கு வந்து சேர்வார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தேரோட்டம் நடைபெறின், தேரின் உறுப்புகளுக்கும் தேரை நகர்த்தும் கருவிகளுக்கும் வழங்கும் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.

2. 'முட்டுக்கட்டை', 'அச்சாணி', 'நெம்புகோல்' ஆகிய சொற்களின் நேர்ப்பொருளையும் வழக்கில் பெற்ற பொருளையும் வேறுபடுத்தி எழுதுக.

3. 'ஜேசிபி' போன்று நிறுவனப் பெயர் பொதுப்பெயரான சொற்கள் ஐந்தனைக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.

4. பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டில், கொக்கி முன் அச்சிலிருந்து 2 மீட்டர் முன்னே அமைந்தால் பின் அச்சில் எஞ்சும் எடை எவ்வளவு எனக் கணக்கிட்டு, அதன் விளைவை நான்கு வரிகளில் விளக்குக.

5. டிராக்டரில் டிரெய்லரை இணைக்கும்போதும் கழற்றும்போதும் பின்பற்ற வேண்டிய நெறிகளைக் கொண்டு, உழவர்களுக்கான அறிவிப்புப் பலகை ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக.